எஜமான் வெளியே போனால் நாய் ஏன் அழுகிறது?

வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லோரும் வயலுக்குப் புறப்படுகிறார்கள். தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் பூட்டிய வீட்டில் நாய் ஊளையிட ஆரம்பித்து விடுகிறது!

மாலையில் வந்து பார்த்தால் கதவின் அடிப்பக்கம் முழுவதும் நகக் கீறல். பாய் கிழிந்து கிடக்கிறது. கூடத்தில் ஈரம். வைத்துவிட்டுப் போன சோறு மட்டும் வைத்தபடியே இருக்கிறது.

"தெருவிலே கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தாயே, அது பண்ணியிருக்கிற வேலையைப் பாருடா!" என்று மகனைக் கோபிக்கிறாள் தாய்.

"நாய் ஊளையிட்டால் குடும்பத்துக்கு ஆகாது" என்கிறாள் அடுத்த வீட்டுப் பாட்டி. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரர், "நாய் வேண்டுமா, வீடு வேண்டுமா?" என்று கேட்டு விடுகிறார்.

கடைசியில் என்ன நடக்கிறது? ஆசையோடு எடுத்து வந்த நாயை மறுபடியும் தெருவிலேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள்.

நாய் செய்தது குறும்பு அல்ல, பழிவாங்கலும் அல்ல. அது பயம். அந்தப் பயத்தைப் போக்க வழி இருக்கிறது.

தனிமை அறியாத பிராணி

தெரு நாய்க்கு வீடு இல்லை. ஆனால் துணை உண்டு. டீக்கடை வாசலில் ஆட்கள் இருப்பார்கள். பஸ் நிலையத்தில் கூட்டம் இருக்கும். இரவில் பக்கத்தில் இன்னும் நான்கு நாய்கள் படுத்திருக்கும்.

அப்படி வளர்ந்த நாயை ஒரு நாள் வீட்டுக்குள் வைத்துப் பூட்டினால் அதற்கு என்ன தெரியும்? மாலையில் நீங்கள் வந்து விடுவீர்கள் என்று அதனிடம் யார் சொல்வது? முன்பு ஒரு வீட்டில் வளர்ந்து பிறகு விரட்டப்பட்ட நாயாக இருந்தால், பயம் இன்னும் அதிகமாக இருக்கலாம்.

ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் ஹச்சிகோ என்று ஒரு நாய் இருந்தது. அதன் எஜமானர் உவேனோ என்ற பேராசிரியர். அவர் 1925 மே மாதம் வேலைக்குப் போன இடத்திலேயே இறந்து போனார். ஷிபுயா ரெயில் நிலையத்தில் அவருக்காக அந்த நாய் காத்திருந்தது. 1935 மார்ச்சில் சாகும் வரையில், ஏறக்குறைய 10 ஆண்டுகள் காத்திருந்தது! அங்கே அதற்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

ஹச்சிகோவின் கதையைக் கேட்டு நாம் கண் கலங்குகிறோம். நம் வீட்டு நாய் அழுதால் மட்டும் கம்பை எடுக்கிறோம்!

ஜூன் மாதத்தில் ஜாக்கிரதை

தஞ்சை வட்டாரத்தில் இந்தத் தொல்லை தலை எடுப்பதற்கு ஏற்ற காலம் ஒன்று உண்டு.

மே மாதம் பள்ளிக்கூட விடுமுறை. வயலில் வேலை குறைவு. பிள்ளைகள் ஒரு நாயைக் கொண்டு வருகிறார்கள். மாதம் முழுவதும் அது ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருப்பதில்லை.

ஜூன் பிறக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தண்ணீர் வந்ததும் குறுவை வேலை சூடு பிடிக்கிறது. நேற்று வரை கலகலவென்று இருந்த வீடு இன்று காலி! அன்றைக்கே ஊளை தொடங்குகிறது.

ஆகையால் நாய் வந்த முதல் வாரத்திலேயே தனிமைப் பாடத்தைத் தொடங்கிவிட வேண்டும். வீடு காலியாகும் நாள் வரையில் காத்திருக்கக் கூடாது.

சாவிச் சத்தம்

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், நாய்களுக்குச் சாப்பாடு போடுவதற்கு முன்பு ஒரு ஒலியை எழுப்பி வந்தார். சில நாட்களில், சாப்பாடு இல்லாமலே அந்த ஒலியைக் கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறியது.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. நீங்கள் சாவியை எடுக்கிறீர்கள், செருப்பை மாட்டுகிறீர்கள். 'போகப்போகிறார்கள்' என்று நாய் தெரிந்துகொண்டு நடுங்க ஆரம்பிக்கிறது.

இந்த முடிச்சை அவிழ்ப்பது எளிது. ஒரு நாளைக்குப் பல தடவை சாவியை எடுங்கள்; மறுபடி ஆணியில் மாட்டுங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்காருங்கள். எங்கும் போகாதீர்கள். 'சாவிச் சத்தம் கேட்டால் எல்லோரும் போய்விடுவார்கள் என்பதில்லை' என்று நாய் மெள்ள மெள்ளப் புரிந்துகொள்ளும்.

பத்து விநாடிப் பாடம்

அடுத்தது முக்கியமான பாடம்.

வீட்டில் நாய்க்கு என்று ஒரு மூலையை ஒதுக்குங்கள். நீங்கள் உடுத்திய பழைய புடவை அல்லது வேட்டியை அங்கே விரித்துப் போடுங்கள். அந்த வாசனை அதற்குத் தைரியம் கொடுக்கும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்துங்கள். பத்து விநாடி கழித்து உள்ளே வாருங்கள். நாய் அழத் தொடங்குவதற்கு முன்பே வந்துவிட வேண்டும். அதுதான் இரகசியம்!

பத்து விநாடி பழகியதும் அரை நிமிஷம். அப்புறம் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். நடுவில் அழுதால் அவசரப்பட்டு விட்டீர்கள் என்று அர்த்தம். மறுநாள் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான நாய்களுக்கு முதல் அரை மணி நேரம்தான் கண்டம். அதைத் தாண்டிவிட்டால் பிறகு நேரத்தைச் சற்று வேகமாகக் கூட்டலாம். சில நாய்கள் சில வாரங்களில் தேறும். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும்.

புறப்படும் முன் காலையில் ஆற்றங்கரையோரம் நன்றாக நடக்கவிட்டு அழைத்து வாருங்கள். எலும்பு நீக்கிய கோழித் துண்டு, வேகவைத்த முட்டைத் துண்டு ஆகியவற்றை அறையில் அங்கங்கே ஒளித்து வைத்துவிட்டுப் போங்கள். தேடித் தின்னும் வேலையில் கவலை குறையும்.

போகும்போது கொஞ்சி விடைபெற வேண்டாம். வந்ததும் ஆரவாரம் வேண்டாம். போவதும் வருவதும் சாதாரண காரியம் என்று நாய் நினைக்க வேண்டும்.

நீங்கள் இல்லாதபோது என்ன செய்கிறது என்று தெரியவில்லையா? கைபேசியை ஒரு மூலையில் வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள்.

அடி உதவாது

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது பழமொழி. இந்த விஷயத்தில் அது செல்லாது.

"தப்புச் செய்தோம் என்று அதற்கே தெரிகிறது. பாருங்கள், எப்படித் தலையைக் குனிகிறது!" என்று பலர் சொல்வார்கள். அமெரிக்க ஆராய்ச்சியாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்து 2009-ல் வெளியிட்டார். தப்புச் செய்யாத நாயும், எஜமான் திட்டியதும் அதே 'குற்றவாளி முகம்' காட்டியது!

ஆகவே அது குற்ற உணர்ச்சி அல்ல. உங்கள் கோபத்தைக் கண்ட பயம். பயந்த நாயை அடித்தால் பயம் இரட்டிப்பாகும். சங்கிலியில் கட்டுவதும் சிறு கூண்டில் அடைப்பதும் இந்த நோய்க்கு மருந்து அல்ல. திமிறித் திமிறிக் கழுத்திலும் பல்லிலும் காயம்தான் மிஞ்சும்.

இன்னொரு நாயை வாங்கி விட்டாலும் பல சமயம் பயன் இருப்பதில்லை. அது தேடுவது உங்களை!

நடவு நாளில் என்ன செய்வது?

பாடம் முடிகிற வரையில் நாயை நீண்ட நேரம் தனியாக விடக்கூடாது. வீட்டுப் பெரியவர் ஒருவர் இருக்கலாம். அண்டை வீட்டாரிடம் கேட்டு விட்டுப் போகலாம்.

வயலுக்கு அழைத்துப் போவதானால் கயிற்றில் பிடித்துச் செல்லுங்கள். எலி மருந்து வைத்த வரப்பிலும், பூச்சி மருந்து அடித்த வயலின் தண்ணீரிலும் வாய் வைக்க விடாதீர்கள். வெயில் ஏறுவதற்குள் நிழலில் கட்டுங்கள்.

டாக்டரிடம் காட்டுங்கள்

வீட்டில் சிறுநீர் கழிப்பதற்கு வேறு நோயும் காரணமாகலாம். ஆகையால் முதலில் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் அப்போதே போட்டுக்கொள்ளலாம். தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

பயம் மிக அதிகமாக இருந்தால் டாக்டர் மாத்திரை கொடுப்பார். மாத்திரையோடு மேலே சொன்ன பாடமும் நடக்க வேண்டும். மனிதர்களுக்கு உள்ள தூக்க மாத்திரையை நீங்களாகவே கொடுத்துவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

உங்கள் நாய் கற்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்: 'போனவர்கள் திரும்பி வருவார்கள்.' வாயால் சொல்லி அதை விளங்க வைக்க முடியாது. நூறு தடவை போய், நூறு தடவையும் திரும்பி வந்துதான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.