திரைப்பதிவும் தூரத்துப் பெற்றோரும்

கட்கியிலும் டேஹு ரோட்டிலும் ராஸ்தா பேட்டிலும் குடியிருக்கும் நம்மவருள், ஊரிலே தனித்து வாழும் பெற்றோரைப் பற்றிய கவலை இல்லாதார் சிலரே. முன்னாளில் மணியார்டர் அனுப்பினால் கடமை முடிந்தது. இந்நாளிலோ இரயில் பயணச்சீட்டு, மின்கட்டணம் முதலியன கணினிக்குள் புகுந்துவிட்டன. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பரில் அளிக்கும் உயிர்வாழ் சான்றிதழுக்கும் 2014 நவம்பர் 10-ஆம் நாள் 'ஜீவன் பிரமாண்' என்னும் கணினி வழி வந்தது. சான்றிதழ் சேராவிடில் ஓய்வூதியம் நின்றுபோகும். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராயிருக்கும் நாம் இதை நன்கறிவோம்.

"மேலே வலப்பக்கம் பாருங்கள், அப்பா" என்று தொலைபேசியில் அரைமணி நேரம் கூவுவதைவிட, நாமே கணினியில் ஒருமுறை செய்துகாட்டி, அதைத் திரைப்பதிவாக்கி அனுப்புதல் நன்று. அவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் வளர்ந்த 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் இத்தகையனவே. பேசவேண்டியதை முன்னரே எழுதிவைத்து, சுமார் பத்து நிமிட அளவில் அவற்றைப் பதிவுசெய்கின்றனர். படம் ஒன்றே இருக்க, குரல் மட்டும் தமிழ், மராத்தி எனப் பல மொழிகளில் மாறுகிறது. எழுதிவைத்துப் பேசுதல், சுருங்கப் பேசுதல் என்னும் இரண்டையும் நாமும் கைக்கொள்ளலாம்.

பதிவுக்குரிய மென்பொருள்களுள் 'ஓ.பி.எஸ். ஸ்டூடியோ' விலையின்றிக் கிடைப்பது. ஆயின், அதன் 'செட்டிங்ஸ்' பகுதியைத் தொடாது விட்டால் அப்பாவின் சிறு கைப்பேசிக்கு அது பொருந்தாது. பெரிய திரையை அப்படியே பதிந்தால் எழுத்துகள் எறும்பு போலாகும். ஆகவே முதலிற் கணினித் திரையையே 1280 x 720 அளவுக்குக் கொணர்ந்து, 'வீடியோ' பகுதியில் உள்ள இரு அளவுகளையும் அதுவே ஆக்குக. இரண்டும் வேறுபட்டால் எழுத்து மங்கும். வினாடிக்கு 20 படங்கள் போதும். படிவம் நிரப்புதல் கிரிக்கெட் ஆட்டம் அன்று.

அடுத்தது மறைவு காத்தல். இதனையே நாம் மிகவும் வற்புறுத்துகிறோம். 'டிஸ்ப்ளே கேப்ச்சர்' திரை முழுவதையும் பதிவதால், இடையே தோன்றும் வங்கிச் செய்தியும் பதிவாகிவிடும். 'விண்டோ கேப்ச்சர்' ஒரு சாளரத்தை மட்டுமே எடுக்கும். அது கறுப்பாய்த் தெரிந்தால் 'கேப்ச்சர் மெதட்' என்பதில் 'விண்டோஸ் 10' என்றிருப்பதைத் தேர்க. கீழே விரியும் பட்டியல்கள் சில வேளை இதில் விழா; அவ்விடத்து வாயாற் சொல்லுதல் வேண்டும். ஆதார் எண்ணும் ஒருமுறைக் கடவெண்ணும் அச்சாளரத்துக்குள்ளேயே தோன்றுமன்றோ? அப்போது பதிவை இடைநிறுத்துக. அதற்குரிய பொத்தான் சிலருக்குத் தோன்றுவதில்லை. 'அவுட்புட் மோட்' என்பதை 'அட்வான்ஸ்டு' ஆக்கி, 'ரெக்கார்டிங்' பகுதியில் நேரலைக்குரிய என்கோடரை விடுத்து வேறொன்றைத் தேர்ந்தால் அது வரும்.

அங்கேயே 'பிட்ரேட்' காண்பீர்கள். 6000 என்றிருந்தால் நிமிடத்துக்கு 45 மெகாபைட் ஆகும். 1500 என்றால் 11 சொச்சம். பெரிதும் அசையாத திரைக்கு 1500 போதும். பதிவு வடிவம் எம்.கே.வி. ஆக இருக்கட்டும், இடையிற் கணினி நின்றாலும் அதுவரை பதிந்தது தங்கும். பழைய எம்.பி. 4 வடிவில் யாவும் பாழாகக்கூடும். முடிந்தபின் 'ஃபைல்' பட்டியலிலுள்ள 'ரீமக்ஸ்' கொண்டு எம்.பி. 4 ஆக மாற்றலாம். வாட்ஸப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புக. வீடியோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி எழுத்தைக் கலைக்கும்.

குரலைக் காட்டும் பட்டை மஞ்சளைத் தொடலாம், சிவப்பில் நிற்றலாகாது. குக்கர் விசிலும் தெருவின் ஸ்கூட்டர் ஒலியும் நம் இல்லங்களில் ஓய்வதில்லை. மைக்கின் 'ஃபில்டர்ஸ்' பகுதியிலே 'நாய்ஸ் சப்ரெஷன்' சேர்த்தால் அவை பெரிதும் அடங்கும்.

கைப்பேசியிற் செய்யும் காரியமாயின், 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல் பதிவுக்கருவி உள்ளேயே உண்டு. அதில் மைக்ரோபோனைத் தேர்ந்து, தொடுமிடத்தைக் காட்டும் வசதியையும் இயக்குக. விரல் படுமிடம் புள்ளியாய்த் தெரியும். முதியோர்க்கு இதனினும் பேருதவி வேறில்லை. வங்கிச் செயலிகள் சில பதிவில் கறுப்பாகவே வரும். அது நம் காவலுக்கே செய்யப்பட்டது, அதை வெல்ல முயலவேண்டா.

அனுப்புமுன் பதிவு முழுவதையும் சிறிய கைப்பேசியில் ஒருமுறை ஓடவிட்டு, எண் ஏதும் தப்பித் தெரிகிறதா என்று பார்த்துவிடுக. மகன் அனுப்பியதை அப்பா தம் நண்பர் அனைவருக்கும் அன்றே அனுப்பிவிடுவார்.