ஒரே பட்டியில் இரண்டு மறிகள்

குருநகர்க் கரையோரத்தில், வளவுக்குள் நாலைந்து ஆடு கட்டி வளர்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பூவரசங்குழை முறித்துப் போடுவதும் அவள்தான், மறியைக் கிடாய்க்கு விடும் நாளைப் பார்ப்பதும் அவள்தான். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குறையில்லாத கிடாய் தேடும் நம் வீடுகள் நம்புவது அவளுடைய கவனத்தைத்தான், சகோதரிகளே.

ஸ்கிரேப்பி என்றொரு நோய். ஆடு வேலியிலும் மரத்திலும் உராய்ந்து உராய்ந்து உரோமத்தை இழக்கும், நடை தள்ளாடும், மெலிந்து சாகும். மருந்தில்லை. (உராயும் ஆட்டுக்கெல்லாம் இதுதான் என்று பதறாதீர்கள். பேனும் சொறியுமே பெரும்பாலும் காரணம்.) ஐரோப்பாவில் 250 வருடங்களுக்கு மேலாக அறியப்பட்ட இந்நோய் இமயமலை அடிவாரச் செம்மறிகளிலும் இருந்ததை 1961இல் ஸ்லொட்னிக், கட்டியார் என்ற இருவர் எழுதி வெளியிட்டார்கள்.

இதைத் தருவது கிருமியல்ல. உடலிலேயே உள்ள ஒரு புரதம் தவறாக மடிந்து, பக்கத்திலுள்ள நல்ல புரதத்தையும் தன்னைப்போல் மடக்கிவிடுகிறது. அதற்கு பிரையோன் என்று பெயரிட்ட புரூசினருக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரே பட்டியில் ஒரு மறி விழ, மற்றது நிற்பதேன்? அந்தப் புரதம் மணிகள் கோத்த மாலை போன்றது. செம்மறியில் 171ஆவது மணி ‘குளூட்டமின்’ என்றால் நோய் எளிதில் பற்றும். ‘ஆர்ஜினின்’ என்றால் அநேகமாகப் பற்றாது. பிரித்தானியா 2001இல் இத்தகைய கிடாய்களைத் தேர்ந்து பெருக்கும் திட்டம் தொடங்கியது. ஆனாலும் 1998இல் நோர்வேயில் கண்ட வேறொரு வகை அந்த ஆடுகளையும் விடுவதில்லை.

வெள்ளாட்டுக்கு அந்த 171 உதவாது. அதற்கு 146ஆம், 222ஆம் இடங்களே முக்கியம். ஸ்கிரேப்பியால் பெரிதும் அடிபட்ட சைப்பிரஸில் 146ஆம் இடம் மாறிய ஆடுகள் நோய்க்குத் தப்பி நின்றதைக் கண்டார்கள். தெருவுக்கு ஒரு கிடாய் என்றால் அத்தனை குட்டிகளுக்கும் பாதிப் பரம்பரை அதனுடையதே. ஆகவே அதன் தாய் தகப்பனைக் கேட்டறிவது வீண் விசாரணையல்ல.

நோய் அதிகம் பரவுவது இளங்கொடி வழியாக. மாட்டின் இளங்கொடியை ஓலைப்பையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவோம். ஆட்டினதை மட்டும் வளவிலே விட்டுவிடுகிறோம். மண்ணில் பல வருடம் கிடந்தாலும் பிரையோன் அழியாது, அடுப்பில் கொதித்தாலும் அழியாது. உடனே அள்ளி ஆழப் புதையுங்கள், மற்ற ஆடுகள் முகரவிடாதீர்கள்.

இறைச்சி? ஸ்கிரேப்பி மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணமில்லை. எனினும், 12 மாதம் கடந்த ஆட்டின் மூளையையும் முள்ளந்தண்டு நரம்பையும் ஐரோப்பாவில் உணவுக்கு விடுவதில்லை. தள்ளாடும் ஆட்டை அறுக்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.