செத்த காலேஜில் உயிருள்ள சிலைகள்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் கடற்கரையைக் காட்டுகிறோம். கபாலி கோயிலுக்கு அழைத்துப் போகிறோம். தியாகராய நகரில் புடவை எடுத்துக் கொடுக்கிறோம். எழும்பூர் மியூசியம் மட்டும் நம் நினைவுக்கு வருவதில்லை.

சென்னைவாசிகள் அதற்கு வைத்த பெயர் அப்படி! 1851-ல் தோன்றிய மியூசியத்தில் ஒரு காலத்தில் உயிருள்ள மிருகங்களும் இருந்தன. அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபோயின. அது 'உயிர் காலேஜ்' ஆயிற்று; பாடம் செய்த பிராணிகள் நிற்கும் இது 'செத்த காலேஜ்' ஆயிற்று.

ஆனால் வெண்கலச் சிலைக் கூடத்துக்குள் நுழைந்து பாருங்கள். திருவாலங்காட்டு நடராஜர் காலைத் தூக்கி ஆடுகிறார். அவரைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்த பிரெஞ்சுச் சிற்பி ரோடின், 1913-ல் மெய்ம்மறந்து ஒரு கட்டுரை எழுதினார். நமக்கோ பஸ் ஏறினால் நேரிலேயே தரிசனம்!

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரருக்கு மூன்றே கைகள். வலப்பாதியான சிவனுக்கு இரண்டு. இடப்பாதியான தேவிக்கு ஒன்று. அந்த ஒற்றைக் கையின் நளினத்துக்கு மற்ற இரண்டும் ஈடாகுமா என்று வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்!

வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் குழந்தைகளோடு போங்கள். அவசரப்படாமல் ஒவ்வொரு சிலை முன்பும் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். 'செத்த காலேஜ்' என்ற பெயர் உங்கள் வீட்டிலாவது ஒழியட்டும்!