பணி ஓய்வு கணவருக்கு மட்டும்தானா?

36 படிகள் இறங்க ஐந்து மாதம் ஆன ஒரு டோம்பிவிலி தம்பதியின் கதை

"நாளை முதல் 8.17 லோக்கல் எனக்கு இல்லை!"

இப்படிச் சொல்லிக்கொண்டே 2014-ம் ஆண்டு ஒரு மாலையில் வீட்டுக்குள் நுழைந்தார் அந்தப் பெரியவர். தோளில் சால்வை. கையில் ஒரு சுவர்க்கடிகாரம். மும்பை போர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் 38 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவருக்கு, கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்தனுப்பிய பரிசுகள் அவை.

கதவைத் திறந்த மனைவி சால்வையைப் பார்த்துச் சிரித்தார். "உக்காருங்க, காப்பி போட்டுட்டு வாரேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

"அன்றைக்கு எனக்கு ஓய்வு கிடைத்தது. அவளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று காப்பி கூடுதலாகக் கிடைத்தது. இது எனக்கு விளங்க ஒன்பது ஆண்டுகள் ஆயிற்று" என்கிறார் பெரியவர்.

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "இது என் கதை மட்டும் அல்ல. டோம்பிவிலியில், தாராவியில், செம்பூரில் நம் ஆட்கள் வீட்டில் எல்லாம் நடப்பதுதான்" என்றார். உண்மைதான்.

டைப்ரைட்டிங் சான்றிதழுடன்...

நெல்லைச் சீமையில் ஒரு கிராமம் அவருக்கு. 1976-ம் ஆண்டு, 20 வயதில், டைப்ரைட்டிங் ஹையர் சான்றிதழும் ஒரு தகரப் பெட்டியுமாக மும்பைக்கு வந்தார். மாட்டுங்காவில் நான்கு பேரோடு ஓர் அறை, மெஸ் சாப்பாடு. 1983-ல் திருமணம். ஐந்து ஆண்டு கழித்து டோம்பிவிலியில் இரண்டாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீடு. அந்தக் கட்டிடத்துக்கு லிப்ட் கிடையாது. 36 படிகள்.

காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் இரவு எட்டுக்குத் திரும்புவார். பிள்ளைகள் இருவரையும் வளர்த்தது, ரேஷன் வாங்கியது, தண்ணீர் பிடித்தது எல்லாம் மனைவிதான். மகன் இப்போது பெங்களூருவில். மகள் கோவையில்.

இத்தனை ஆண்டுகளில் அந்த அம்மாள் பார்த்த ஊர்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று டோம்பிவிலி. மற்றது சொந்த ஊர். "ரிட்டயர் ஆன பிறகு உன்னைக் காசிக்குக் கூட்டிப் போகிறேன்" என்று கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஓய்வுக்குப் பிறகும் ஒரு கடையில் கணக்கு எழுதப் போனார். காசி தள்ளிக்கொண்டே போயிற்று.

ஒரு வழியாக 2023-ம் ஆண்டு டிக்கெட் எடுத்தார். கல்யாண் நிலையத்தில் ஏறி, மகாநகரி எக்ஸ்பிரசில் வாரணாசி. ஆடி அமாவாசைக்குக் கங்கையில் குளிக்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஆசை.

புறப்பட இன்னும் பத்து நாள் இருந்தது.

ஒரு வாளி தண்ணீர்

ஜூலை மாதம். நல்ல மழை. அதிகாலையில் குழாயில் தண்ணீர் வந்தது. எப்போதும் போல் அந்த அம்மாள் எழுந்து டிரம்மை நிரப்பினார். கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். கடைசி வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது குளியலறை வாசலில் கால் வழுக்கியது.

"சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். கீழே கிடந்தபடியே, 'குழாயை மூடுங்க, தண்ணி வீணாப் போகுது' என்று சொன்னாள்" என்கிறார் பெரியவர்.

இடுப்பு மூட்டை ஒட்டி, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது.

பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு எலும்பில் சுண்ணாம்புச் சத்து வேகமாகக் குறைகிறது. வெளியே எதுவும் தெரியாது. வலியும் இருக்காது. ஒரு நாள் சாதாரணமாக விழுந்தாலே எலும்பு முறிந்துவிடுகிறது. வயதானவர்களுக்கு இந்த முறிவு ஏற்பட்டால் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்பார்கள் டாக்டர்கள். படுத்தே கிடந்தால் படுக்கைப் புண் வரும். நிமோனியா வரும். காலில் ரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

மறுநாளே ஆபரேஷன் நடந்தது. முறிந்த எலும்பின் தலைப்பகுதியை எடுத்துவிட்டு, உலோகத்தால் ஆனதைப் பொருத்தினார்கள். அதற்கு அடுத்த நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று, எதிர்வீட்டு மராட்டியப் பெண்மணியின் இரண்டு மகன்களும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து 36 படிகளும் தூக்கி வந்தார்கள்.

டாக்டர் கொடுத்த தாளில் ஒரு பட்டியல் இருந்தது. தரையில் உட்காரக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது. தாழ்ந்த நாற்காலி கூடாது. இடுப்பை அதிகம் மடக்கிக் குனியக் கூடாது.

நம் வீடுகளில் எல்லாமே தரையில்தான் நடக்கிறது. அரிவாள்மனை தரையில். சாப்பாடு தரையில். கழிவறையும் குத்துக்காலிட்டு உட்காரும் வகை. பெரியவர் கட்டிலின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினார். நடுவில் துளை உள்ள கழிவறை நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்தார்.

வேகாத பருப்பு

மகளும் மகனும் மாறி மாறி வந்து இருந்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு வீட்டில் இருவர்தான். எதிர்வீட்டு அம்மாள் சில நாள் பாக்ரியும் பாஜியும் கொண்டு வந்தார். "எத்தனை நாளைக்கு அவர்களைத் தொந்தரவு செய்வது?" என்று அடுப்படியில் இறங்கினார் பெரியவர். அப்போது அவருக்கு வயது 67.

முதல் நாள் சாம்பார். துவரம் பருப்பு, தண்ணீர், புளிக்கரைசல் எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டார். பத்து விசில் வந்தும் பருப்பு கல்லு மாதிரியே கிடந்தது. கட்டிலில் இருந்து குரல் வந்தது: "புளியை முதல்லயே ஊத்திட்டீங்களா? இனி அந்தப் பருப்பு வேகாது."

பருப்பு வெந்த பிறகுதான் புளி விட வேண்டும். புளிப்பு சேர்ந்தால் பருப்பு மசியாது. 40 ஆண்டு சாம்பார் சாப்பிட்டவருக்கு அன்றுதான் இது தெரிந்தது.

பிறகு கட்டிலில் இருப்பவர் ஆசிரியை ஆனார். அடுப்படியில் நிற்பவர் மாணவர் ஆனார். இட்லிக்கு நாலுக்கு ஒன்று உளுந்து. மழைக்காலத்தில் மாவு புளிக்க நேரம் ஆகும். கேழ்வரகுக் கூழைக் கட்டி தட்டாமல் கிண்டுவது எப்படி? (100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முறிந்த எலும்பு தேற அது உதவும் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.)

தண்ணீர் பிடிப்பது, பாத்திரம், துணி, பால், காய்கறி, மருந்து, காலை மாலை பயிற்சி... படுக்கும்போது இரவு பத்தரை ஆகிவிடும்.

பேரேடு பேசியது

குமாஸ்தா அல்லவா! ஒரு நோட்டில் கோடு போட்டுக் கணக்கு எழுதினார். இடது பக்கம் மருந்து, சாப்பாடு. வலது பக்கம் அன்றைக்கு எத்தனை அடி நடந்தார் என்ற விவரம். முதல் வாரம் கட்டிலில் இருந்து கதவு வரை 11 அடி. மூன்றாவது வாரம் 60.

அந்த நோட்டின் பின்பக்கத்தில், ஒரு நாள் தான் செய்த வேலைகளை எல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தார். 43 வந்தது. "இதில் ஒன்றுக்கும் வவுச்சர் கிடையாது, லீவு கிடையாது. ஆபீசில் ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் ஓவர்டைம் கேட்டவன் நான்" என்றார்.

கணக்கு எழுதும் வேலையை விட்டுவிட்டார். தொழிலாளர் சேமநிதி பென்ஷனாக மாதம் 2,100 ரூபாய் வருகிறது. மற்றது சேமிப்பின் வட்டியும் மகன் அனுப்புவதும். பென்ஷனுக்கு ஆண்டுதோறும் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டுமே! மனைவியை விட்டுவிட்டு வெளியே போய் வரிசையில் நிற்க முடியாத நிலை. எதிர்வீட்டுப் பையன் செல்போனில் அவர் முகத்தைப் படம் பிடித்து அதை முடித்துக் கொடுத்தான்.

அந்த நாட்களில்தான் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "அப்பா, மாடி ஏற முடியாத வீடு எதுக்கு? வித்துட்டு இங்க வந்துருங்க. இல்லன்னா ஊருக்கே போயிருங்க."

மும்பைத் தமிழர்கள் எல்லோரும் ஒரு நாள் சந்திக்க வேண்டிய கேள்வி இது. பெரியவர் மனைவியைப் பார்த்தார்.

"முதல்ல நானா நடந்து கீழ இறங்குதேன். அப்புறம் பேசுவோம்" என்றார் அந்த அம்மாள்.

படிப்பயிற்சிக்கு பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண் வந்தார். அவர் சொல்லிக்கொடுத்த பாடம்: ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை கம்பில். டிசம்பர் மாதம் ஒரு காலையில், விழுந்து ஐந்து மாதம் கழித்து, அந்த அம்மாள் 36 படிகளையும் தானே இறங்கினார். கீழே நின்று பத்து நிமிடம் தெருவைப் பார்த்தார். நோட்டில் அன்றைய தேதிக்கு நேராகச் சிவப்பு மையில் கோடு இருக்கிறது.

ஓடும் வீடு

அமெரிக்காவில் ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர், கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வண்டியை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். குளிர் வந்தால் அரிசோனா, புளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில் போய் நிறுத்திக்கொள்கிறார்கள். நம் ஆட்களுக்கு அப்படி ஓடும் வீடு ரெயில்தான்.

2024-ம் ஆண்டு சித்திரையில் ஊர் அம்மன் கோவில் கொடை. நாகர்கோவில் எக்ஸ்பிரசில் இரண்டு கீழ் படுக்கைகள் கிடைத்தன. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டதால் முழுக் கட்டணம். முன்பு ஆணுக்கு 40 சதவீதமும் பெண்ணுக்கு 50 சதவீதமும் குறைத்துக் கொடுத்தார்கள்.

இட்லியும் மிளகாய்ப் பொடியும் பெரியவர் தயாரித்தது. புனே, சோலாப்பூர், குண்டக்கல் என்று வண்டி ஓடியது. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். "40 வருஷம் இந்த வண்டியில போயிருக்கேன். பிள்ளைங்களுக்குச் சாப்பாடு கொடுத்து, மூட்டைக்குக் காவல் இருந்து, ஜன்னலுக்கு வெளிய பார்த்ததே இல்ல" என்றாராம்.

ஊரில் மைத்துனர் கேலி செய்தார்: "என்ன அத்தான், அக்காவுக்கு நீங்களா சோறு பொங்குதீய?"

"ஆமா மாப்பிள்ளை. நீங்களும் படிச்சு வச்சுக்கிடுங்க. தங்கச்சி விழுந்த பொறவு படிச்சா பருப்பு வேகாது" என்றார் இவர்.

நாமும் யோசிக்கலாமே!

குளியலறை வாசலில் ஒரு ரப்பர் விரிப்பு, சுவரில் ஒரு கைப்பிடி, இரவில் எரிய ஒரு சிறு விளக்கு. விழுந்த பிறகு செய்யும் செலவில் இது மிகச் சிறிய பங்கு.

இ.எஸ்.ஐ.யில் குறைந்தது 5 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்ற தொழிலாளர்கள், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தங்களுக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதி பெறலாம். பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை. 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. இது 2024 அக்டோபரில் வந்தது.

இன்னொன்றுக்குப் பணமே வேண்டாம். ஓய்வு பெறும் தேதி நமக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கு ஓர் ஆண்டு முன்பே ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறைக்குள் போய் நிற்கலாம். தண்ணீர் வரும் நேரத்துக்கு நாமும் எழுந்திருக்கலாம். அந்தக் கடைசி வாளியைத் தூக்கக் கணவர் எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரியவர் இந்தக் கேள்வியை இன்றும் தன்னையே கேட்டுக்கொள்கிறார். மனைவி ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

செம்பூர் செட்டா நகர் முருகன் கோவிலுக்கு 108 படிகள். குணமானால் ஏறி வருவதாக அந்த அம்மாள் வேண்டிக்கொண்டிருந்தார். டாக்டரின் அனுமதியோடு, கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை போனார்கள். நல்ல கால் முதலில், அடுத்தது மற்றக் கால். இருபதாவது படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போதும். மிச்சத்தை முருகன் கணக்குல எழுதி வைங்க" என்றார்.

நோட்டில் எழுதியிருக்கிறது: படி 20. பாக்கி 88.

வீட்டை விற்பது பற்றிய பேச்சை இருவரும் இன்னும் எடுக்கவில்லை. காசிக்கு மீண்டும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தினமும் காலையில் தண்ணீர் பிடிப்பது இப்போது கணவர்தான். காப்பி மட்டும் தான்தான் போடுவேன் என்று மனைவி பிடிவாதமாக இருக்கிறார். "நீங்க போடுற காப்பியைக் குடிக்கத்தான் இன்னும் தெம்பு வரல" என்கிறார்!