நின்றுபோன டால்பினுக்கு முதல் வைத்தியம் எது?

1980-களில் பெங்களூரின் சிபானி நிறுவனம் தயாரித்த டால்பின், இரண்டு கதவுக் குட்டிக் கார். ராலிகளில் பேர் வாங்கியது. உடல் ஃபைபர்கிளாஸ். துருப்பிடிக்காதே, பிறகென்ன என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுவோம்: அடியிலுள்ள சேஸி இரும்பு. சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமாகச் சத்தம் வந்தால் துரு தின்றிருக்கிறது.

பெயின்ட் ஆசையை ஒத்திப்போடுங்கள். முதலில் பிரேக். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நந்தி மலை இறக்கத்தில் பெடல் தொபுக்கென்று தரையைத் தொட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். அந்த ஈரமே பிரேக் சிலிண்டரையும் உள்ளிருந்து அரிக்கும்.

ஆயில், ரப்பர் சீல், ஹோஸ் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். தேயாத பழைய டயரையும் நம்பாதீர்கள், ரப்பர் இறுகியிருக்கும்.