நக்கவாரத்துத் தோணிகள்

நிகோபார் தீவுகளின் பெயர் தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் இராசேந்திர சோழன் ஏறத்தாழ 1025-ஆம் ஆண்டில் கடல் கடந்து வென்ற இடங்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டொன்று நிரல்பட உரைக்கிறது. அந்நிரலில் கடாரத்துக்கு முன்னர் நிற்கும் ‘மாநக்கவாரம்’ என்பது இத்தீவுகளே என்று வரலாற்றறிஞர் கூறுவர். சோழர் கப்பல்கள் அவ்வழியே சென்றதை நாம் பெருமையோடு நினைவு கூர்கிறோம். ஆனால் அக்கப்பல்கள் கடந்து சென்ற தீவுகளில் வாழ்ந்த மக்கள் யாவர், அவர்களும் கடலோடிகளா, அவர்களுடைய கலங்கள் எத்தகையவை என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பார்த்ததில்லை. அதைப் பற்றிச் சில செய்திகளைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலுவல் காரணமாக ஒருமுறை கார் நிகோபாருக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வாய்ப்பு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1956-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, இந்தியக் குடிமக்களேயாயினும், உரிய அனுமதிச் சீட்டு இன்றி இத்தீவுகளுக்குச் செல்லுதல் இயலாது. வேடிக்கை பார்க்கச் செல்வோர்க்கு உரிய இடம் அன்று இது. இந்தக் கட்டுப்பாடு இல்லாதிருந்தால், நான் கண்டவற்றுள் பல இன்று இருந்திரா என்றே தோன்றுகிறது.

2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேர் நகரிலிருந்து கப்பல் தெற்கு நோக்கிச் செல்கிறது. அந்தமானின் கடைசித் தீவு மறைந்ததும் பத்து டிகிரிக் கால்வாய் குறுக்கிடுகிறது. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலமுள்ள ஆழ்கடல் அது. காற்று எழுந்தால் பெரிய கப்பலும் தள்ளாடும். அதைக் கடந்தால் வரும் முதல் தீவு கார் நிகோபார். தட்டையான பவளத் தீவு, கரையெங்கும் தென்னை. அதற்குத் தெற்கே, மனிதர் வாழாத பட்டி மால்வ் என்னும் சிறு தீவும், பின்னர்ச் சௌரா, தெரஸா, கட்சால், கமோர்ட்டா, நங்கௌரி முதலிய நடுத்தீவுகளும் உள்ளன. இறுதியில் சிறிய நிகோபாரும் பெரிய நிகோபாரும் உள்ளன. அப்பால் இருப்பது சுமத்ரா. நிகோபார் மாவட்டம் முழுவதிலும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 36,842 பேரே வாழ்ந்தனர்.

இவர்களுள் நம்மவரும் உளர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பெற்றன. எனினும் இத்தீவுகளின் மூத்த குடிகள் நிகோபாரியரே. பெரிய நிகோபாரின் உட்காடுகளில் ஷொம்பென் என்ற சிறு குடியினர் வாழ்கின்றனர். நிகோபாரியர் பேசும் மொழிகள் ஆஸ்திரோ-ஆசிய இனத்தைச் சார்ந்தவை. ஒரு தீவின் பேச்சு மறு தீவினர்க்கு எளிதில் விளங்குவதில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது வியப்பை அளித்தது. இத்துணைச் சிறிய நிலப்பரப்பில் இத்தனை மொழிகள் இருந்தும், அம்மக்கள் ஒருவரையொருவர் அறியாது வாழவில்லை. அவர்களை ஒன்றுசேர்த்தது தோணி.

தீவுகளில் ஹோடி என்று வழங்கும் அத்தோணியைச் சற்று விளக்குதல் வேண்டும். நெடிய மரம் ஒன்றை வெட்டி, உள்ளே குடைந்து, நெருப்பின் வெம்மையால் அதன் வாயை அகலப்படுத்துவர். குடைந்த மரம் மட்டும் கடலில் நில்லாது. ஓர் அலை அடித்தால் உருண்டுவிடும். ஆகவே தோணியின் ஒரு பக்கத்தில், சற்றுத் தொலைவில், மெல்லிய மரக்கட்டை ஒன்றை அதற்கு இணையாக மிதக்க விடுவர். தோணியின் குறுக்கே வைத்துக் கட்டிய இரு கழிகள் அம்மிதவை வரை நீண்டிருக்கும். கழிகளையும் மிதவையையும் சிறு முளைக்குச்சிகளால் இணைத்துக் கயிற்றால் இறுகக் கட்டுவர். தோணி ஒரு பக்கம் சாயும்போது மிதவை நீரில் அழுந்த மறுத்துத் தாங்கும். மறுபக்கம் சாயும்போது மிதவையின் எடை கீழே இழுக்கும். மெல்லிய உடலும் உறுதியான நிலையும் இவ்வாறு ஒன்றுசேர்கின்றன. கட்டுகள் சிறிது நெகிழ்ந்து கொடுப்பதால் அலையின் அடியில் தோணி முறிவதில்லை. நெடும்பயணத்துக்குப் பாய் விரிப்பர். காற்று ஓய்ந்தால் துடுப்புப் போடுவர்.

பக்க மிதவை பூண்ட இத்தகைய கலங்கள் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கிழக்கே பசிபிக் தீவுகள் வரையிலும், மேற்கே மடகாஸ்கர் வரையிலும் பரவியுள்ளன. இலங்கைக் கரையிலும் காணலாம். ஆகவே நிகோபாரியரின் தோணி உலகின் பழைய கடல்மரபு ஒன்றின் கிளை என்று கொள்ளலாம்.

இனி, அத்தோணிகள் எதற்காக ஓடின என்பதைக் காண்போம். இங்குதான் சௌராவின் கதை வருகிறது. சௌரா 8 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள தீவு. மக்கள் நெருங்கி வாழ்வது; பெருமரங்கள் அரிது; பானை வனையத் தக்க களிமண்ணும் இல்லை. ஆயினும் நிகோபாரியர் சமைத்த பானைகள் யாவும் ஒரு காலத்தில் சௌராவிலேயே செய்யப்பெற்றன. அண்டைத் தீவான தெரஸாவிலிருந்து மண் தோணியில் வரும். சௌராவின் பெண்கள் சக்கரமின்றிக் கையாலேயே பானை வனைவர். மண் கிடைக்கும் தெரஸாவினர் தாமே வனைந்துகொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். கூடாது என்பது மரபு. பிற தீவில் எவரேனும் பானை வனைந்தால் அவர்க்குக் கேடு விளையும் என்று எல்லாத் தீவினரும் நம்பினர்.

தோணிகளின் நிலையும் இவ்வாறே. கார் நிகோபாரில் பெருந்தோணிக்கு ஏற்ற மரம் குறைவு. தெற்கேயுள்ள தீவுகளில் அத்தகைய மரங்கள் உண்டு. தோணிகள் அங்கே செய்யப்பெறும். ஆனால் கார் நிகோபாரியர் அவற்றை நேரே சென்று வாங்குவதில்லை. தோணிகள் முதலில் சௌராவுக்கு வரும். சௌராவினரிடமிருந்தே கார் நிகோபாரியர் பெறுவர். தேங்காய் வாங்க வந்த அயல்நாட்டுக் கப்பல்களிடமிருந்து தாம் பெற்ற துணியும் இரும்புப் பொருள்களும் பிறவும் கொடுத்து, தோணியும் பானையும் கொண்டு மீளுவர். சௌராவினர் மந்திர ஆற்றல் மிக்கவர் என்ற அச்சம் எங்கும் நிலவியது. ஆகவே இவ்வொழுங்கை எவரும் மீறத் துணியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தீவுகளில் பணியாற்றிய ஆங்கில அதிகாரி ஈ. எச். மேன் இவற்றையெல்லாம் விரிவாக எழுதி வைத்துள்ளார்.

கார் நிகோபாருக்கும் சௌராவுக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர்த் திறந்த கடல். கரை தெரியாத கடலில், திசைகாட்டியின்றி, விண்மீன்களையும் காற்றையும் அலையின் போக்கையும் நோக்கி அவர்கள் சென்றனர். ஆண்டையே இரு பருவக்காற்றுகளைக் கொண்டு கணக்கிட்ட மக்கள் அவர்கள். ஒரு காற்று ஓய்ந்து மறு காற்று எழும் முன்னுள்ள அமைதிக் காலம் எது என்பதை அறிவர். வழி தவறினால் அடுத்த கரை வெகு தொலைவு. எனவே பயணத்துக்கு முன்னும் பின்னும் சடங்குகளும் விலக்குகளும் இருந்தன. சௌரா சென்று வருதல் வாணிகமும் ஆகும். ஓர் இளைஞனின் ஆண்மைக்கு வைக்கும் தேர்வும் ஆகும்.

பகுத்தறிவு நோக்கில் பார்ப்போர் இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆனால் இதன் பயனைச் சிந்தித்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. ஒவ்வொரு தீவும் தனக்கு வேண்டியவற்றைத் தானே செய்துகொண்டிருந்தால், ஒருவரை ஒருவர் நாடிச் செல்ல வேண்டிய தேவை இராது. மண் ஓரிடம், மரம் ஓரிடம், கைத்திறன் ஓரிடம் என்று பிரிந்திருந்ததாலும், அப்பிரிவை நம்பிக்கை காத்து நின்றதாலும், ஒவ்வொரு தலைமுறையும் கடலில் இறங்கியே ஆகவேண்டியிருந்தது. வளமற்ற சௌராவுக்கும் வாழ வழி கிடைத்தது. நியூகினிக்கு அருகேயுள்ள டிரோபிரியாண்ட் தீவினர் சிப்பி அணிகலன்களைத் தீவு தீவாகக் கைமாற்றிய ‘கூலா’ என்னும் வழக்கத்தை மாலினோவ்ஸ்கி என்ற அறிஞர் 1922-இல் விரிவாக எழுதினார். நம் நாட்டு எல்லைக்குள்ளேயே அதற்கு ஒப்பான ஒன்று இருந்ததைப் பலர் அறியார்.

இந்த அமைப்பு சிறிது சிறிதாகத் தளர்ந்தது. அலுமினியப் பாத்திரம் வந்தபின் பானைக்குத் தேவை குறைந்தது. அரசினரின் கப்பல்கள் தீவுகளுக்கிடையே ஓடத் தொடங்கியபின் பாய்விரித்துச் செல்ல வேண்டிய கட்டாயம் நீங்கியது. விசைப்படகும் வந்தது. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் கப்பல் உதவுகிறது. அதைக் குறை கூறுவார் எவருமிலர்.

அதன்பின் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்தது. சுமத்ராவுக்கு அப்பால் எழுந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நிகோபாரைத் தாக்கியது போல் இந்தியாவின் வேறெப்பகுதியையும் தாக்கவில்லை. கார் நிகோபாரின் கரையோரச் சிற்றூர்கள் அழிந்தன. டிரிங்கெட் தீவு துண்டு துண்டாகப் பிளந்தது. பெரிய நிகோபாரின் தென்கோடியிலுள்ள இந்திரா முனை தாழ்ந்து, கலங்கரை விளக்கம் கடல்நீருக்குள் நிற்கலாயிற்று. சௌரா மக்கள் தம் தீவை விட்டுச் சிறிது காலம் தெரஸாவில் தங்கி, பின்னர் மீண்டனர். மாண்டவர்களோடு கடல்வழி அறிந்த முதியோர் பலரும் மறைந்தனர். கரையில் நின்ற தோணிகளும் போயின. புதிய குடியிருப்புகள் கரையை விட்டு உள்ளே அமைந்தன. கடல் ஓசை கேட்டு உறங்கிய மக்கள் கடலிலிருந்து விலகி வாழ நேர்ந்தது.

ஆயினும் தோணி மறையவில்லை. நான் கார் நிகோபாரின் கரையில் நின்றபோது, முதியவர் ஒருவர் தம் குடும்பத்தின் தோணிக்குப் புதிய மிதவை கட்டிக்கொண்டிருந்தார். அங்கே தோணி தனி ஒருவருக்கு உரியதன்று. ‘துஹெத்’ எனப்படும் கூட்டுக்குடும்பம் முழுவதற்கும் உரியது. இருவர்க்கும் பொதுவான இந்தியில் பேசினோம். அளவுகளை எதில் குறித்து வைத்துள்ளீர்கள் என்று கேட்டேன். அவர் தம் இரு கைகளையும் விரித்துக் காட்டினார். முழமும் சாணுமே அவருடைய அளவுகோல். சௌராவுக்கு வழி இளைஞர்க்குத் தெரியுமா என்று கேட்டேன். போனவனுக்குத் தெரியும், போகாதவனுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, மீண்டும் கட்டுவதில் முனைந்தார். அருகே அவருடைய பேரன் கயிற்றைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் இன்னும் போகவில்லை.

இன்று தோணிகள் பெரும்பாலும் மீன்பிடிக்கவும் விழாநாள் பந்தயங்களுக்கும் ஓடுகின்றன. பந்தயத்தில் தோணியின் விரைவு தெரியும். மேகமூட்டமான இரவில் சௌரா எத்திசையில் உள்ளது என்பது தெரியாது. இரண்டும் வேறு கல்விகள். முன்னதைக் கரைக்கருகே கற்கலாம். பின்னதைக் கற்க வழிகாட்டும் ஒருவரும் நெடும்பயணமும் வேண்டும். பசிபிக் பெருங்கடலில் ஹவாய் மக்கள் தம் முன்னோரின் கடல்வழி அறிவை ஏறத்தாழ முற்றிலும் இழந்திருந்தனர். 1976-ஆம் ஆண்டில் ‘ஹோக்குலேயா’ என்னும் கலத்தைக் கருவிகளின்றித் தாஹித்தித் தீவுக்குச் செலுத்த முற்பட்டபோது, மைக்ரோனீசியாவிலுள்ள சட்டவால் என்ற சிறு தீவிலிருந்து மாவ் பியாய்லுக் என்பவரை அழைத்துவர வேண்டியிருந்தது. அவர் வழிகாட்டினார், கலம் கரை சேர்ந்தது. பின்னர் ஹவாய் இளைஞர்க்கும் அவர் கற்பித்தார். அறிந்தவர் ஒருவர் எங்கேனும் எஞ்சியிருந்ததால் அது கைகூடியது. நிகோபாரிலும் அறிந்தவர் இருக்கும்போதே இளைஞர் அவரோடு செல்ல வேண்டும்.

இவற்றைக் கூறும்போது நம் நிலையும் நினைவுக்கு வருகிறது. கட்டுமரம் என்ற சொல்லை உலக மொழிகளுக்குக் கொடுத்தவர் நாம். 2004-க்குப் பின் நம் கரைகளில் கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் விரைந்து பற்றின. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைக்கும் மீனவர் இன்னும் உளர். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு அப்பெயர்கள் எத்தனை தெரியும் என்பது ஐயமே.

மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழும் நம் வீடுகளிலும் இத்தகைய பொருள்கள் சில உண்டு. தமிழ் அவற்றுள் ஒன்று. அலமாரியில் நூல்கள் இருக்கும். பிள்ளைகள் அவற்றின் முதுகெழுத்தைக்கூடப் படிக்க இயலாதிருப்பர். நூல்களை வாங்கி வைத்ததற்காக நாம் மனநிறைவு கொள்கிறோம். கார் நிகோபார் முதியவர் தோணியைக் கட்டும்போது பேரனைக் கயிறு பிடிக்கச் செய்தார். நாமும் கடிதம் எழுதும்போதோ, கடைக்கணக்குப் பார்க்கும்போதோ, பாட்டியோடு தொலைபேசியில் பேசும்போதோ பிள்ளையை அருகே அமர்த்திக்கொள்ளலாம். அதற்கு அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டியதில்லை.