மாற்றிய மூட்டு மறுபடி வலித்தால்

நம் முழங்கால் மூட்டில் மூன்று பகுதிகள் உண்டு. சிலருக்கு ஒரு பகுதி மட்டும் தேய்ந்துவிடும். டாக்டர் அதை மட்டும் எடுத்துவிட்டு, உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துவார். இதுதான் பாதி மூட்டு மாற்று.

பலருக்கு இது பல வருடம் உழைக்கும். சிலருக்குக் கெட்டுப் போகும். ஏன்?

பொருத்திய பாகம் ஆட்டம் காணலாம். பிளாஸ்டிக் தேயலாம். மாற்றாத பகுதியும் தேயலாம். கிருமி புகலாம்.

நன்றாக நடந்தவருக்கு மறுபடி வலியா? வீக்கமா? "வயதானால் அப்படித்தான்" என்று இருந்துவிடக் கூடாது. எண்ணெய் போட்டு உருவவும் கூடாது. காய்ச்சலோ சீழோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டாக்டர் எக்ஸ்ரே எடுப்பார். ரத்தம் சோதிப்பார். முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்பார். தேவைப்பட்டால் மறு ஆபரேஷன் செய்வார். பெரும்பாலும் பழைய பாகத்தை எடுத்துவிட்டு முழு மூட்டு வைப்பார்கள். கிருமி இருந்தால் சிலருக்கு இரண்டு ஆபரேஷன் தேவைப்படும். முதலில் கிருமியை ஒழிப்பார்கள். பிறகுதான் புது மூட்டு.

2017இல் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. மறு ஆபரேஷன் மூட்டும் அதில் உண்டு. மூட்டின் பெயரையும் விலையையும் பில்லில் தனியாக எழுதவும் உத்தரவிட்டது.

அந்த பில்லைக் கேட்டு வாங்குங்கள். பத்திரமாக வையுங்கள். உள்ளே என்ன மூட்டு இருக்கிறது என்று அடுத்த டாக்டருக்கு அது சொல்லும். உறையின் மேல் "முழங்கால் சீட்டு" என்று நீங்களே எழுதுங்கள். ஆபரேஷன் தேதியையும் எழுதுங்கள்.